நிறம் காட்டாத தண்ணீர்

டைட்டஸ் இறந்த பிறகு அந்த வீட்டில் முதலில் கெட்டுப்போனது நீச்சல் குளத்துத் தண்ணீர்தான்.

குடிபாலாவில் பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த வீடு அது. பின்புறம் மாமரங்கள் போக மீதி இடத்தில் டைட்டஸ் அந்தக் குளத்தைக் கட்டியிருந்தார். ஆடம்பரத்துக்காகக் கட்டியதல்ல. ஒரே மகள் தபிதாவுக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே பலமில்லை. தரையில் அவளுக்குச் சக்கர நாற்காலிதான். தண்ணீருக்குள் மட்டும், ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளால் நிற்க முடியும். கொஞ்சம் நடக்கவும் முடியும். ரேணிகுண்டாவில் தனக்கிருந்த லேத் பட்டறையில் டைட்டஸே சங்கிலியும் கப்பியும் வைத்து ஒரு தூக்கு நாற்காலி செய்து கொண்டுவந்து குளத்தோரம் நட்டார். அவளை அதில் உட்காரவைத்துச் சங்கிலியை விட்டால் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கும்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். காலை ஜெபம் முடிந்ததும் சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் மொண்டு, மாத்திரை போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அவர் மனைவி லோயிஸ் அடுக்களை ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறாளே தவிர, என்ன ஏது என்று கேட்டதில்லை.

பட்டறையிலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. அடக்கம் முடிந்து வந்த பிறகு யாரும் குளத்துப் பக்கம் போகவில்லை. மோட்டார் ஓடவில்லை. இலை விழுந்தது, மழை பெய்தது. தண்ணீர் முதலில் மங்கி, பிறகு பாசி படிந்து, கடைசியில் அடி தெரியாத பச்சையாகிவிட்டது. தபிதாவின் கால்கள் பழையபடி முறுக்கிக்கொண்டு வலிக்கத் தொடங்கின. ஆனாலும் அவள் குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் லோயிஸுக்குப் பொறுக்கவில்லை.

லோயிஸின் தம்பி இன்பசேகரன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன் பச்சைத் தண்ணீரில் கொசு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, ஜேசிபி வைத்து மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்றான். மாமா இருந்தவரை சரி, இந்த மருந்து வேலையெல்லாம் அக்காவால் ஆகாது என்றான். அவன் சொன்னது அக்கறையில்தான். லோயிஸ் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தாள். மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

டைட்டஸ் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை அங்கே இருந்தது. கடைக்காரர் கிரண்குமார் தெலுங்கில் துக்கம் விசாரித்தார். குளோரின் பவுடரும் புதிய சோதனைப் பெட்டியும் எடுத்துக் கொடுத்தார். நடுவில் நாலு பேர் வந்து நாலு சாமான் கேட்டார்கள். அவர் விட்டு விட்டுச் சொன்னதில் லோயிஸ் மனதில் தங்கியது இவ்வளவுதான்: பச்சைத் தண்ணீருக்குப் பவுடர் நிறைய வேண்டும், மாத்திரை போட்ட தண்ணீர் ரோஸ் நிறமானால் குளோரின் இருக்கிறது, நிறம் வராவிட்டால் இல்லை.

இலைகளை வலையால் அள்ளினாள். சுவரைத் தேய்த்தாள். மோட்டாரை ஓடவிட்டு, பவுடரைக் கரைத்து ஊற்றினாள். பச்சை வெளுத்துப் பால் கலந்தாற்போல் ஆயிற்று. மாத்திரை போட்டுப் பார்த்தாள். நிறம் வரவில்லை. இன்னும் ஊற்றினாள். சில நாளில் தண்ணீர் தெளிந்து அடியிலிருந்த ஓடுகள் தெரிந்தன. அப்போதும் சோதனைக் குழாயில் தண்ணீர் நிறமில்லாமலே நின்றது. கிருமி இருக்கும் தண்ணீரில் பிள்ளையை இறக்கக் கூடாது என்று மறுபடியும் ஊற்றினாள். பெட்டியில் இன்னொரு குழாயும் சிவப்புத் திரவமும் இருந்தன. அது எதற்கென்று அவள் பார்க்கவில்லை.

இவ்வளவு ஊற்றிய பிறகு கிருமி இருக்காது என்று நம்பி, அடுத்த நாள் காலை தபிதாவை இறக்கினாள். அவள் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். பிறகு கண்ணைக் கசக்கினாள். இருமல் வந்தது. லோயிஸ் சங்கிலியை இழுத்து அவளை மேலே கொண்டுவருவதற்குள் இருமல் மூச்சுத்திணறலாக மாறியிருந்தது. கழுத்தும் கைகளும் சிவந்து தடித்திருந்தன. பக்கத்து வீட்டு வேதாச்சலம் தன் காரில் போட்டுக்கொண்டு சித்தூருக்கு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆபத்தில்லை, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். லோயிஸ் கட்டிலருகே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுடர் வாசனை இன்னும் விரல்களில் இருந்தது. ஜெபம் பண்ணக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் தபிதா முகமூடியை நகர்த்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"மா, கண்ணு எரியறதுக்கு முன்னாடி நான் நின்னுகினு இருந்தேன். நீ பாத்தியா?"

"பாத்தேன்டா" என்றாள் லோயிஸ். முகமூடியை மறுபடி அவள் மூக்கின் மேல் சரியாக வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்பசேகரன் ஜேசிபிக்காரரிடம் பேசிவிட்டதாகப் போனில் சொன்னான். லோயிஸ் போனை வைத்துவிட்டுச் சோதனைப் பெட்டியோடு குளத்தோரம் போய் உட்கார்ந்தாள். இந்தத் தண்ணீரில் என்னதான் இருந்தது என்று தெரியாமல் அதை மூட அவளுக்கு மனமில்லை.

குழாயில் தண்ணீர் மொண்டு மாத்திரையைப் போட்டாள். இதுவரை குலுக்கிய பிறகுதான் பார்த்திருந்தாள். இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மாத்திரையைச் சுற்றி ஒரு ரோஸ் நிறம் கிளம்பியது. கண் இமைப்பதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடியும் வந்து மறைந்தது. குளோரின் இல்லையென்றால் அந்த நொடி நிறம் எங்கிருந்து வந்தது?

கிரண்குமாருக்குப் போன் போட்டுச் சொன்னாள். மொத்தம் எவ்வளவு பவுடர் போட்டாள் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, குளோரின் அளவுக்கு மிஞ்சிப் போனால் வந்த நிறத்தையே அது வெளுத்துவிடும் அம்மா, என்றார். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் ஒன்பது பங்கு பாட்டில் தண்ணீர் கலந்து பார்க்கச் சொன்னார். கலந்தாள். குழாய் அடர்ந்த ரோஸ் நிறமாயிற்று. கலந்தபிறகே இவ்வளவு என்றால்? அவள் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள்.

இதைக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குக் கூட்டத்தில் விட்டுவிட்டேன் என்று கிரண்குமார் வருத்தப்பட்டார். அந்தச் சிவப்புத் திரவம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, பார்ப்பதற்கு என்று விளக்கினார். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் பிஎச் ஏறிக்கொண்டே போகும். ஏறினால் போட்ட குளோரின் சரியாக வேலை செய்யாது. பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட வேண்டும், மீதிக் குளோரினை வெயில் தின்றுவிடும் என்றார். பிஎச்சை இறக்க ஆசிட் வேண்டும். ஆனால் பக்கெட் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அதைப் பவுடர் பக்கத்தில் வைக்கவே கூடாது. லோயிஸ் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

இன்பசேகரன் வந்தபோது பவுடர் கார் ஷெட்டிலும் ஆசிட் வீட்டின் மறுகோடியிலும் இருந்தன. குளத்தில் கால்வாசித் தண்ணீரை இறைத்திருந்தாள். இவ்வளவு நடந்த பிறகுமா என்று அவன் கேட்டான்.

"தண்ணி மேல இன்னா தப்பு தம்பி? நான் பாத்த பார்வையிலதான் தப்பு. அதைத்தான் சரி பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள் அவள்.

அவன் குளத்தை எட்டிப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறைக்கிற குழாயைப் பிடித்தான்.

நிறங்கள் சோதனைப் பெட்டியின் நிற அட்டையில் இருந்தபடி வர நாளாயிற்று. வந்த பிறகும் லோயிஸ் நம்பவில்லை. புடவையோடு தானே படியில் இறங்கினாள். கழுத்துவரை போய், மூச்சைப் பிடித்து முங்கி, உள்ளே கண்ணைத் திறந்தாள். எரியவில்லை. மேலே வந்து தபிதாவைப் பார்த்தாள்.

தபிதா மறுத்துத் தலையசைத்தாள். "இன்னிக்கு வேணாம்மா."

லோயிஸ் வற்புறுத்தவில்லை. அடுத்த நாளும் சோதித்துவிட்டுத் தனியாக இறங்கினாள். அதற்கடுத்த நாளும் இறங்கினாள். மகள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலை அவள் கையை நீட்டிப் பெட்டியைக் கேட்டாள். மாத்திரையைத் தானே போட்டாள். இளம் ரோஸ் வந்து அப்படியே நின்றது. அவள் அதை வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தூக்குச் சங்கிலிப் பக்கம் உருட்டினாள்.

அவள் இறங்கியபோது லோயிஸ் தண்ணீருக்குள் அவளுக்காக நின்றிருந்தாள். தபிதாவின் விரல்கள் அம்மாவின் தோளை அழுத்திப் பிடித்திருந்தன, கால்கள் நடுங்கின. கொஞ்ச நேரந்தான் நின்றாள். அப்புறம் போதும் என்றாள்.

இப்போது சோதிப்பது தபிதாவின் வேலை, மருந்து கலப்பது லோயிஸின் வேலை. நிறம் எவ்வளவு சரியாக இருந்தாலும், லோயிஸ் ஒருமுறை முங்கி எழாமல் மகளை உள்ளே விடுவதில்லை.