ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்

ஒரு பாஸுக்கு ஓர் ஆள்தான் மேலே போகலாம் என்று ஆஸ்பத்திரிக் காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும், இப்போது மேல்மாடி வார்டில் படுத்திருக்கும் ஞானசிகாமணிக்கு அது வசதியாகப் போயிற்று. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்கப்போன மூத்த மகனிடம், "செய்யலாம்டே" என்றார். அடுத்துப் போன இளையவனிடம், "மருந்தே போதும்டே" என்றார். அப்பா சொன்னது எது என்று இருவரும் கீழே வராந்தாவில் மல்லுக்கு நின்றார்கள். வீட்டில் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

கடைசியாக மனைவி ரத்னாபாய் போனாள்.

"அவனுவ சண்டை தீருறது வரை எனக்க வயித்துல கத்தி படாது, பாத்தியா?" என்று அவர் கிசுகிசுத்துச் சிரித்தார்.

வலி வந்தால் வீட்டையே இரண்டாக்குகிற மனுஷன்! ரத்னாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாஸை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இனி இது எனக்க கையிலதான். நீங்க ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறது வரை தினமும் நான் மட்டும்தான் வருவேன்."

மறுநாள் பார்வையாளர் நேரம் முழுக்க அவளே பேசினாள். கல்யாணத்தன்று அவர் வீட்டார் செய்த குற்றங்குறைகளில் தொடங்கினாள். மணி அடித்தபோது பந்தியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

"மிச்சம் நாளைக்கு" என்று எழுந்தாள்.

அவள் படியிறங்குவதற்குள் ஞானசிகாமணி நர்ஸைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.