அம்சவேணி அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

அம்சவேணி அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் உட்கார்ந்துதான் போனாள். திருப்பி அனுப்பும்போது தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறார்கள். தம்பி தணிகாசலத்துக்கு அதில் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் வீட்டாருக்கு வெறும் தொட்டிதான் கிடைத்தது.

அகலமான இலைகள். நல்ல பச்சை. அக்காவின் தாடையில் இருந்த மச்சம் கீழ் இலை ஒன்றின் ஓரத்தில் அப்படியே இருந்தது.

"வெயில் நேரா படக் கூடாது. ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்க" என்றாள் நர்ஸ். "நெனைச்ச நேரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்தக் கூடாது. விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா சும்மா இருங்க. காஞ்சிருந்தா, அடியில வழியற வரைக்கும் நிதானமா ஊத்துங்க. தட்டுல தேங்குறதைக் கொட்டிடுங்க."

"பேசுவாங்களா சிஸ்டர்?"

"பேச மாட்டாங்க. மண்ணு காஞ்சா விரலைப் பிடிப்பாங்க. தண்ணி ஊத்தினா விட்டுடுவாங்க."

தணிகாசலத்துக்கு அதுவே போதும். அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது அக்காதான். பள்ளிக்கூடத்துக்கு ஹைரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். அக்கா அவன் கையைப் பிடிக்க மாட்டாள், ஆள்காட்டி விரலைத்தான் பிடிப்பாள். நடு ரோட்டில் விரலை உருவினால் முதுகில் ஒன்று விழும். இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தப் பிடி மட்டும் மறக்கவில்லை.

மறுநாளே சொந்தக்காரர்கள் பார்க்க வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளைப் பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா? ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் செல்லாது என்று யாரோ சொல்லியிருந்ததால் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்கள். வரிசை மாடிப்படியில் இறங்கி, தெருவைத் தாண்டி, திண்டிவனம் வரைக்கும் போயிருந்தது.

"ஈரமாத்தான் இருக்கு அத்தை" என்றான் தணிகாசலம்.

"வாயைத் தெறந்து கேக்கவா முடியும், பாவம்? நீ நவுரு" என்று கோமளா அத்தை ஊற்றினாள்.

பெரியப்பா மகன் நாகலிங்கம் அண்ணன் தொட்டியைப் பார்த்துத் தயங்கினார். "அதிகம்தான் தம்பி, எனக்கும் தெரியுது. ஆனா நான் மட்டும் ஊத்தலன்னா நாளைக்குப் பேச்சு வரும்" என்று ஊற்றினார்.

எல்லாருக்கும் அந்தப் பேச்சுதான் பயம். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத ஜென்மங்கள், இப்போது முட்டி மோதிக்கொண்டு ஊற்றின. தட்டு நிரம்பித் தரையெல்லாம் ஓடியது. இலைகள் மஞ்சளாயின. மண்ணில் அழுகல் வாடை வந்தது. தணிகாசலம் விரலை விட்டுப் பார்த்தான். சேறுதான் இருந்தது. யாரும் பிடிக்கவில்லை.

எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொருவரும் இலையைத் தொட்டு, "இனிமே ஒரு சொட்டு ஊத்த மாட்டேன், அம்சவேணி மேல சத்தியம்" என்று சொல்ல வைத்தான். சொன்னார்கள். பிறகு வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். முதலில் கிளம்புகிறவருக்குப் பேச்சு வரும் என்பதால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மண் மெல்ல இறுகியது. ஒரு மத்தியானம் விரலை விட்டான். உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டது. அதே பிடி.

"அக்கா" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். தெரியும். ஊற்றினால் விட்டுவிடுவாள். அதுவும் தெரியும். கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று உட்கார்ந்துவிட்டான்.

பிடி இறுகியது. பாசம் என்று நினைத்தான். இலைகள் தொங்கின. அசதி என்று நினைத்தான். மச்சம் இருந்த இலை சருகாகி மடியில் விழுந்தபோதுதான் அவனுக்குப் பகீரென்றது.

தண்ணீர் சமையலறை மேடையில் இருந்தது. சமையலறை வெகுதூரம் போயிருந்தது. நடுவில், கூடத்தின் குறுக்கே, ஹைரோடு ஓடியது. லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. தொட்டியைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. விரலை உருவிக்கொண்டு ஓடலாம். நடு ரோட்டில் எப்படி உருவுவது?

"அத்தை! தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினான்.

எல்லாரும் உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். எல்லார் கையிலும் சொம்பு நிறையத் தண்ணீர்.

"ஊத்துங்க!"

"எப்படிப்பா ஊத்துறது? அவ மேல சத்தியம் வாங்கியிருக்கியே. மீறினா அவ உசுருக்குத்தானே ஆகாது?" என்றாள் கோமளா அத்தை.

"என் கையில குடுங்க. நான் ஊத்துறேன்."

"குடுக்கலாம். நான் மட்டும் குடுத்தா நாளைக்குப் பேச்சு வரும்" என்றார் நாகலிங்கம் அண்ணன்.

தணிகாசலம் கெஞ்சினான். காலில் விழ முடியவில்லை, விரல் மாட்டியிருந்தது. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியான வெயில் வேறு. ஒருவர் சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, வாய் படாமல் குடித்தார். பிறகு எல்லாரும் குடித்தார்கள். ஒருவரும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

உள்ளே பிடி தளர்ந்தது.

அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, விட்டுட்டாளா?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"அப்பத் தண்ணி போதும்னு அர்த்தம். நர்ஸு அப்படித்தானே சொல்லிச்சு?"

எல்லாருக்கும் நிம்மதி. வெறும் சொம்புகளை எடுத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

தணிகாசலம் விரலை எடுக்கவில்லை. இரண்டு கணு ஆழத்திலும் மண் காய்ந்துதான் இருந்தது. பாதி ரோடுதான் தாண்டியிருந்தான். இரண்டு பக்கமும் லாரிகள் வந்துகொண்டிருந்தன.