கஷாஷ் பெண்கள்

பதினான்கு மணி நேரம் ஓடி அஸ்வானிலிருந்து வந்த ஸ்பானிஷ் ரயில் வண்டியை, வெளிச்சம் வருவதற்குள் துடைத்துக் கொடுத்தாக வேண்டும். இருக்கைகளுக்கு அடியில் சூரியகாந்தி விதைத் தோல், ஆரஞ்சுத் தோல், குழந்தைகளின் வாந்தி. மண்டியிட்டு ஒரு பெட்டியைக் கடந்து நிமிரும்போது முதுகு நம்முடையதாக இருக்காது.

ஸ்பானிஷ் என்பது ஸ்பெயினில் செய்த குளிர்சாதன வண்டி. அதனால் எங்கள் மூன்று பேருக்கும் கையுறை உண்டு. அடுத்த தடத்தில் ரஷ்யன், நடுத்தரக் கட்டண வண்டி. அதைத் துடைப்பவர்களுக்கு சோப்பு மட்டும். கடைசித் தடத்தில் கஷாஷ். டெல்டாவின் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்று, கோழி, கரும்பு, பாலாடைக்கட்டி டின், மனிதர்கள் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். அதைத் துடைப்பவர்களுக்குத் துணிகூடக் கிடையாது. பழைய கலபியா அங்கியைக் கிழித்து வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். கூலியும் அந்த வரிசைதான். யார்டில் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய் ஸ்பானிஷ்!" "ஏய் கஷாஷ்!"

கஷாஷைத் துடைக்கும் உம்மு ஷவ்கி வாளியோடு எங்கள் தடத்துக் குழாய்க்கு வருவாள்.

"டாக்டரம்மா, வேதியியல் படிச்சீங்களாமே. கோழி எச்சத்துக்கு ஒரு மருந்து சொல்லுங்க."

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் குழாயை மட்டும் திறந்துவிடுவேன்.

திங்கட்கிழமை விடியலில் உம்மு ஷவ்கியின் கூட்டத்துத் தவ்லத் கஷாஷின் படியில் நின்று கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் ஆள் இருந்தால் முன்பக்கம் சிவப்புக் கொடி தொங்க வேண்டும். கொடியைப் பார்த்தால் எந்த ஓட்டுநரும் எஞ்சினை நெருங்கவிட மாட்டார். அன்று கஷாஷை இணைக்க எஞ்சின் வந்தது. மோதிய சத்தம் எங்கள் பெட்டிக்குள் கேட்டது. பிறகு தவ்லத்தின் குரல். படியிலிருந்து விழுந்த அவளுடைய இடது பாதம் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

அன்று மதியமே ஒப்பந்தக்காரர் பஹ்கத் வந்தார். காரிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்தார்.

"கொடி தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. துடைக்கத் துணி இல்லன்னு தவ்லத்தே அதைக் கழட்டிட்டா. வியாழக்கிழமை ரயில்வேயிலிருந்து அதிகாரி வராரு. எல்லாரும் இதையே சொல்லணும்."

"துணி இல்லைங்கறத ஒத்துக்கிட்டீங்களே பாஷா," என்றாள் உம்மு ஷவ்கி. "அதுவரைக்கும் சந்தோஷம்."

"உன் வாய்க்குத்தான் நீ இன்னும் கஷாஷ்ல கிடக்கற."

"வேற எங்க போறது? உங்க கார்லயா ஏத்திக்கப் போறீங்க?"

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "ஸ்பானிஷ் பொண்ணுங்க விவரமானவங்க. நான் சொன்னதைச் சொல்றவங்களுக்கு வேலை இருக்கும்."

தவறு தவ்லத்துடையது என்று ஆகிவிட்டால் மருத்துவச் செலவு கிடையாது. வேலையும் கிடையாது. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் மூவருக்கும் ஒன்று தெரியும். அன்று விடியலில் மூவரும் பார்த்திருந்தோம். அதைப் பற்றி எங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஃபூல் பயறு வைத்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஸனிய்யா சொன்னாள். எங்களில் மூத்தவள் அவள். "வாயத் தொறந்தா நாளைக்கு நாமளும் கஷாஷ்லதான், பொண்ணே."

நான் கடைசித் தடத்தைப் பார்த்தேன். தவ்லத்தின் வாளி அங்கேயே கிடந்தது. அந்த அவசரத்தில் யாரும் எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் மீதி ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை கஷாஷ் வந்து நின்றது. உள்ளே யாரும் ஏறவில்லை. உம்மு ஷவ்கியும் அவள் கூட்டத்துப் பெண்களும் எஞ்சின் வரும் தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை. தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

வந்திருந்த ரயில்வே அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பஹ்கத் இந்த முறை காரிலிருந்து இறங்கினார்.

"ஸ்பானிஷ்! நீங்க போய் அந்த வண்டியத் துடைங்க."

ஸனிய்யா கையுறைகளைக் கழற்றினாள். ஈரக் கையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் விரல் விரலாக இழுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் அவருடைய காரின் முகப்பில் போட்டுவிட்டு நடந்தாள். உம்மு ஷவ்கிக்குப் பக்கத்தில் போய் முழங்காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"நகரு. எனக்கும் முட்டி வலிக்குது."

"வா மகாராணி," என்றாள் உம்மு ஷவ்கி. நகர்ந்து இடம் விட்டாள்.

ரஷ்யனிலிருந்தும் பெண்கள் இறங்கி வந்தார்கள். நான் எப்போது கையுறையைக் கழற்றினேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்தபோது தண்டவாளம் குளிர்ந்திருந்தது.

"இப்படி உட்கார்ந்தா எல்லாருக்கும் வேலை போகும்," என்றார் பஹ்கத்.

"போகட்டும் பாஷா," என்றாள் உம்மு ஷவ்கி. "நாளைக்கு உங்க வீட்டம்மாவ வந்து துடைக்கச் சொல்லுங்க."

அதிகாரி எங்கள் முன்னால் வந்து நின்றார். களைத்த முகம். அவரும் விடியலிலேயே கிளம்பி வந்திருப்பார்.

"திங்கட்கிழமை இந்த வண்டியில கொடி இருந்துதா, இல்லையா? யாராவது கண்ணால பார்த்தீங்களா?"

நான் ஏதோ சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா."

உம்மு ஷவ்கியின் சொரசொரப்பான கை என் முதுகில் வந்து நின்றது.

"சொல்லு டாக்டரம்மா. இது கஷாஷ். எவ்வளவு நேரம் ஆனாலும் உன்னை ஏத்திக்கிட்டுத்தான் கிளம்பும்."

நான் எழுந்து நின்றேன்.

"இந்த யார்டுல இருக்கிறதே ஒரே ஒரு கொடிதான். திங்கட்கிழமை அது எங்க ஸ்பானிஷ்ல தொங்கிச்சு."