நூல் கட்டிய டப்பா

என் நாத்தனாரை அந்தக் காட்டு விடுதிக்கு நான் அழைத்துப் போனது மிருகங்களைக் காட்ட அல்ல. நாற்பத்தாறு வருஷமாக அவளிடம் மறைத்து வைத்த ஒன்றைச் சொல்லிவிடத்தான். வீட்டில் வைத்தே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். ஒன்று குக்கர் விசில் அடிக்கும், இல்லை அவளுக்குப் போன் வரும், இரண்டும் இல்லையென்றால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் கணவர் போய்ப் பத்து வருஷம், என்னவர் போய் ஒரு வருஷம். ஒரே வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி காவல். நான் சொல்வதைக் கேட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் நான் சுவரோடுதான் பேச வேண்டும்.

காட்டின் பெயரைச் சொன்னதும், "அண்ணன் கோட்டை விட்ட காடு அதுதானே, அதையும் ஒரு தடவை பாத்துருவோம்" என்றுதான் கிளம்பினாள். யானை உண்டா என்று மட்டும் மூன்று முறை கேட்டாள்.

விடுதி என்றால் தூண்கள் மேல் நிற்கும் ஏழு மர அறைகள். மலை ஊர்க்காரர்கள் தாங்களே கட்டி, தாங்களே நடத்துகிறார்கள். முதலாளி என்று யாரும் இல்லை. வீடு மாற்றி வீடு முறை வைத்துத்தான் வேலை. இந்த வாரம் ஒரு வீடு சமைத்தால், இன்னொரு வீடு விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போகும், மூன்றாவது வீடு துணி துவைக்கும். எந்த வீட்டுக்கு எது என்று நுழைந்ததும் ஒரு கரும்பலகையில் எழுதியிருக்கும். சாப்பிட்ட தட்டை நாமே கழுவ வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு என் நாத்தனார், வீட்டில் விட்டுவிட்டு வந்த வேலை தனக்கு முன்னால் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டதாகச் சொன்னாள்.

அறையில் இரண்டு கட்டில், கொசுவலை, முழுசாகக் காயாத போர்வை. அந்தப் போர்வையை மூக்கருகே கொண்டு போனதும் எனக்கு இருபத்து நாலு வயசாகிவிட்டது. அந்தக் காட்டில் எதுவுமே முழுசாகக் காயாது. கீழே ஆற்றங்கரையில் மரக் கம்பெனியின் குடியிருப்பு இருந்தது. தகரக் கூரை போட்ட ஓர் அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும்தான் எங்கள் வீடு. மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கையால் ஜாடை காட்டித்தான் என்னவர் உப்புக் கேட்பார். அந்த ஜாடைகளில் பாதி எங்களுக்கு மட்டும் புரியும். கடைசி வரைக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, தண்ணீர் வேண்டுமென்றால் அதே ஜாடைதான்.

அவர் வேலை மரத்துக்குக் குறி போடுவது. வெட்ட வேண்டிய மரத்தில் சிவப்பு பெயிண்டில் ஒரு வளையம், விதைக்காக விட்டுவைக்க வேண்டிய மரத்தில் பச்சை வளையம். பின்னால் வரும் வெட்டுக்காரர்கள் வளையத்தைப் பார்த்துத்தான் கோடாலியை எடுப்பார்கள்.

ஆனால் அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. கல்யாணமான புதிதில் நான் ஆசை ஆசையாய் எடுத்த சிவப்புப் புடவையைப் பார்த்து, இந்த மண் நிறம் உனக்கு நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். வெளியே தெரிந்தால் வேலை நிலைக்காது. தன் வீட்டாரிடமும் அவர் சொன்னதில்லை. அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் விடியுமுன் நான் சிவப்பு டப்பாவின் கைப்பிடியில் ஒரு வெள்ளை நூல் கட்டிவிடுவேன். நூல் இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் விடு. ஒன்றரை வருஷம் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

பிசகிய அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. கோபத்தில் முகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு கையை இன்னொரு பக்கம் நீட்டிக் கட்டினேன். சாயங்காலம் டப்பாக்களைத் துடைக்கும்போதுதான் நூல் பச்சையில் இருப்பதைப் பார்த்தேன். மேல் சரிவு முழுக்க அன்றைக்கு முடித்துவிட்டதாக அவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நூலை அறுத்துச் சிவப்பில் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து வெட்டுக்காரர்கள் மேலே போனால் சரிவு முழுக்கப் பச்சை வளையம். மறுபடி குறி போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, மழை விடுவதற்குள் கம்பெனியின் உரிமக் கெடு முடிந்தது. தானே டப்பாவை மாற்றி எடுத்துவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. அண்ணனுக்கு வேலை இல்லை என்றதும் என் நாத்தனாருக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கை நழுவியது. மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவள் அண்ணனை விடவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தாலும், ஒரு டப்பாவைப் பார்த்து எடுக்கத் தெரியாதவன் என்று ஒரு முறையாவது சொல்லிவிட்டுத்தான் கை நனைப்பாள். அவர் சிரித்துக்கொண்டே பரிமாறுவார். நான் உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவேன்.

அவரிடமும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே நாற்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

மறுநாள் காலை எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனவர் ஊர் மருமகன் ஒருவர். அவர் வீட்டுக்கு அந்த வாரம் காட்டுக்குள் நடத்திப்போகும் முறை, மாமியார் வீட்டுக்கு அடுப்பு முறை. அட்டை கடிக்காமல் இருக்க எங்கள் செருப்பைக் கழற்றச் சொல்லி, முழங்கால் வரை துணியுறை மாட்டிவிட்டார். உறை போட்ட தன் காலைப் பார்த்து என் நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யானை எப்போது வரும் என்று அவரிடமும் கேட்டாள். யானை இந்நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், பேச்சைக் குறைத்தால் நாமும் அதைப் பார்க்கலாம் என்றார் மருமகன். அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். நான் அறிந்து இதுதான் முதல் தடவை. அதற்குப் பலனாக ஒரு மலையணில் வந்தது. வாலைத் தொங்கவிட்டபடி கிளையில் உட்கார்ந்து, எங்களைப் பொருட்படுத்தாமல் காயைக் கொறித்தது.

அப்புறம் சரிவு. நான் நின்றுவிட்டேன். ஒவ்வொன்றும் நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள். எல்லாவற்றிலும் நெஞ்சுயரத்தில் பச்சை வளையம், நேற்றுப் பூசியது போல.

இது கம்பெனிக் காலத்துக் குறி என்றார் மருமகன். வீட்டுக்கு ஒரு மரமாகப் பிரித்துக்கொண்டு வருஷா வருஷம் ஊரே புதுசாகப் பூசுகிறதாம். அந்தக் காலத்தில் பச்சை சார் என்று ஒருவர் இருந்தாராம். மரங்களோடு பேசுவாராம். வெட்டச் சொன்ன மரத்தையெல்லாம் காப்பாற்ற, வேண்டுமென்றே பச்சை பூசிவிட்டுப் போனாராம். இந்தச் சரிவு மிஞ்சியதால்தான் இங்கே அணிலும் இருவாச்சிப் பறவையும் மிஞ்சின, விடுதியும் வந்தது.

"மரத்தோட பேசினானா?" என்றாள் என் நாத்தனார். "அவன் மனுஷங்களோட பேசினதே கொஞ்சம். தம்பி, உங்க பச்சை சார் என் கூடப்பிறந்த அண்ணன். டப்பாவை மாத்தி எடுத்துட்டான், அவ்வளவுதான் கதை."

மருமகன் முகம் வாடிவிட்டது. கதை போய்விட்டதே என்று அல்ல போலிருக்கிறது. திரும்பும் வழியெல்லாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இனியும் தள்ளினால் நான் மனுஷியில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து மாமியாரே ஈரக் கையைத் துடைத்தபடி வந்துவிட்டார். என் வயசுதான் இருக்கும். ஊரில் சின்னவர்கள் பெரியவர்கள் எல்லாருக்கும் அவர் டப்பாக்கா. கம்பெனிக் காலத்தில் குறி போடுகிறவருக்குப் பின்னால் பெயிண்ட் டப்பா சுமந்தவராம். அவரை நான் பார்த்ததில்லை. சுமப்பவர்கள் மேலேயே காத்திருப்பார்கள். வீட்டிலிருந்து அங்கே வரைக்கும் டப்பாக்களைக் கொண்டு போவது என்னவர்தான்.

என் நாத்தனாருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மருமகன் சொன்னாரு. சாரோட தங்கச்சியாமே. நீங்க சொன்னது தப்பும்மா. அவரு மாத்தி எடுக்கல."

"அப்ப மரத்தோட பேசினதுதான் நெசமா?"

"அது விருந்தாளிங்களுக்குச் சொல்றது. சாருக்கு நிறம் தெரியாது. எங்களுக்கு மொத வாரமே தெரிஞ்சு போச்சு. பாவம், நல்ல மனுசன், வேலை போயிடுமேன்னு யாரும் காட்டிக்கல. நூல் கட்டின டப்பா எதுன்னு பாத்துத்தான் எடுப்பாரு. அன்னிக்கு நூல் பச்சையில இருந்துச்சு. நான்தான் சொன்னேன், சார், இது பச்சைன்னு."



அதற்குப் பிறகு டப்பாக்கா சொன்னது இதுதான். என்னவர் நூலைத் தொட்டுப் பார்த்தாராம். ஒரு வேர் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாராம். காலையில் வீட்டில் சண்டை என்றாராம். அப்புறம் தலையைத் தூக்கி மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் இருக்குமாம். எழுந்து, இன்றைக்கு நூல் இருப்பதையே அடிப்போம், மற்றதைத் திறக்க வேண்டாம் என்றாராம்.

"மரத்துக்காகச் செஞ்சாரா, வீட்டுக்காகச் செஞ்சாரான்னு எனக்குத் தெரியாதும்மா. கேக்கல. எங்களுக்கு மரம் மிஞ்சுச்சு. சாயங்காலம் எறங்கும்போது ஒண்ணு சொன்னாரு. யாரு கேட்டாலும் நான் மாத்தி எடுத்தேன்னே சொல்லுங்க, வீட்டைப் பத்திப் பேச்சு வரக்கூடாதுன்னாரு."

அன்றைக்கு நான் துடைத்தபோது சிவப்பு டப்பாவின் மூடியில் முந்தின நாள் பெயிண்ட் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, அன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அதை ஒரு தடவைகூட நான் யோசித்துப் பார்த்ததில்லை.

"நூலா? என்ன நூல்? யாரு கட்டினது?" என்றாள் என் நாத்தனார்.

"அவரு வீட்டம்மா கட்டி அனுப்புவாங்க" என்றார் டப்பாக்கா. பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் யாரென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றேன். "மாத்திக் கட்டினேன். அன்னிக்கு சாயங்காலமே எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூட."

என் நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டாள். தன் தட்டைக் கழுவினாள். என் தட்டை விட்டுவிட்டாள். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். போர்வைக்குள் நான் அவரை நினைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு எப்படி அவ்வளவு நிதானமாகப் பரிமாறினார்? நான் பாத்திரம் உருட்டும்போதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. அதற்கு நடுவில், இந்த வயசில், புதுப்பெண் போல ஒரு சந்தோஷமும் வந்து தொலைத்தது.

காலையில் ஜீப் வருவதற்குள் தன் துணியை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஏறி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். முதல் வளைவு தாண்டியதும் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணி, நாப்பத்தாறு வருஷமா நான் தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்."

"ஆமா."

"அவ்வளவும் உங்களுக்கு வரவேண்டியது."

"எனக்குத்தான்."

"போகும்போதே ஆரம்பிச்சாத்தான் நான் சாகறதுக்குள்ள முடியும்."

ஆரம்பித்தாள். நூல் கட்டத் தெரியாத கையில் தொடங்கி, நான் வைக்கும் குழம்பு, மடிக்கும் துணி, பூட்ட மறக்கும் கதவு என்று ஒன்று விடாமல் வந்தாள். ஜீப்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வயசுக்கு மரியாதை கொடுத்து ஒவ்வொரு திட்டிலும் "நீங்க" போட்டுத்தான் திட்டினாள். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை என்னிடம் நீட்டினாள். காடு முடிந்து வெயில் வந்த இடத்தில், மூச்சு வாங்க நிறுத்தியவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குக் காலையில என்னதான் சண்டை?"

யோசித்துப் பார்த்தேன். தகரக் கூரை நினைவிருக்கிறது, அவர் சாப்பிடாமல் படியிறங்கியது நினைவிருக்கிறது, முதுகு நினைவிருக்கிறது. எதற்குச் சண்டை என்பது மட்டும் வரவில்லை.

"மறந்து போச்சு" என்றேன்.

"அதையும் மறந்துட்டீங்களா" என்றாள் அவள். பெட்டியை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.