எலுமிச்சை தேய்த்த குப்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடலூர் - சிதம்பரம் பஸ் கண்டக்டர்கள் வரைக்கும் தெரியும். 2010 அக்டோபரில் அது சடையப்பன் அண்ணன் மேல் பாய்ந்தது. அவர் எங்கள் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர்.

நான் இசைவாணி. ஆறு வருடமாக அங்கே பி.எச்டி. என் வழிகாட்டி சபாபதி சாருக்கு மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் அவர் ஆய்வுச் சுருக்கத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் நான் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "கடைசியா ஒருவாட்டி நிறம் மாறுறத என் கண்ணால பாத்துட்டுப் போட்டுடுறேன்" என்றார். ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமைக்கு ஒப்புக்கொண்டேன்.

என் மூலக்கூறில் இரண்டு பாதிகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூட்டிக்கொண்டிருக்கும். அப்போது நிறமே கிடையாது. புற ஊதா ஒளி பட்டால் ஒரு பிணைப்பு அறுந்து, மொத்தமும் தட்டையாக நீளும். கரைசல் ஊதா நிறமாகும்.

திங்கட்கிழமை, பூஜையில் சந்தனம் வைத்து அண்ணன் கழுவிக் கொடுத்த குவார்ட்ஸ் கண்ணாடிக் குப்பியில் கரைசலை ஊற்றி, புற ஊதா விளக்கைப் போட்டேன். கரைசல் மஞ்சளானது.

"பூஜ போட்ட குப்பியில மஞ்சத்தூள் இல்லாம வேற என்ன இருக்கும்?" என்றார் சார். "இல்லேன்னா சரக்கு கெட்டுப்போச்சு. எத நம்பிம்மா நான் கையெழுத்து போடுறது?" கோப்பை மூடிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கழுவக்கூடத் தெரியாதா உங்களுக்கு? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!" என்று அண்ணனிடம் கத்தினேன்.

அவர் நிதானமாகத்தான் பேசினார். "சந்தனக் கற போகலன்னு கேட்டேன். பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல எலுமிச்ச மூடி தேய்ச்சுக் கழுவுங்கன்னு நீதானம்மா சொன்ன. தண்ணி வேற நின்னுபோச்சு, ஒருவாட்டிதான் அலசுனேன்."

ஐயோ! சொன்னவள் நான்தான். வெட்கத்தில் காது சுட்டது. அதே நொடியில் விஷயமும் புரிந்தது. எலுமிச்சை அமிலம். திறந்துகொண்ட மூலக்கூறின் முனையில் அமிலத்தின் புரோட்டான் ஒட்டினால் ஊதா வராது, மஞ்சள்தான் வரும். அப்படியென்றால் என் மூலக்கூறு ஒழுங்காகவே திறந்திருக்கிறது.

"சார், தப்பு என்னுது. எலுமிச்சை போட்டுக் கழுவச் சொன்னது நான்."

"குவார்ட்ஸ் குப்பிய எலுமிச்ச போட்டா? பித்தளச் சொம்பா அது?"

"திட்டுங்க சார். ஒரே ஒரு சொட்டு காரம் விட்டுப் பாத்துட்டுத் திட்டுங்க. மஞ்சத்தூளா இருந்தா செவக்கும். என் மூலக்கூறா இருந்தா புரோட்டான் கழண்டு ஊதாவாகும்."

"செவந்தா ஆரத்திதான் எடுக்கணும்" என்றார். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

சொட்டு விட்டேன். துளி விழுந்த இடத்திலிருந்து ஊதா பரவி, குப்பி முழுவதும் இறங்கியது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். "இந்த மஞ்சளையும் ஒரு அத்தியாயமா எழுதிடு" என்றார்.

வெளியே வந்து அண்ணன் முன்னால் நின்றேன். ஆறு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை, வாயில் வர மறுத்தது.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும். போட்டாரா?"

"போட்டுட்டாருண்ணே."

சிரித்தார். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.