பண்டாவில் ஏறியவள்

கப்பல் பண்டா தீவுக்குப் போக வேண்டாம் என்று அத்தான் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கப்பலும் காகிதம், கடலும் காகிதம், அதற்குப் போய் இவ்வளவு தீவிரமாக வழி மாற்றச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். பிள்ளைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகம் அவருடையது. கீழே பைண்டிங், மேலே ஒரே நீள அறை. கீழே காகிதம் வெட்டும் இயந்திரம் இறங்கும்போதெல்லாம் மேலே எங்கள் டீ கிளாஸ்கள் நடுங்கும். ஜன்னலோர மேஜை அக்காவுடையது. அவள் ப்ரூஃப் பார்க்கிறவள். பச்சைப் பென்சிலால் பக்கத்துக்கு ஒரு டிக் போடுவாள், அந்த டிக் விழாமல் இங்கிருந்து ஒரு பக்கமும் அச்சுக்குப் போனதில்லை. அவளுக்கு எதிரே எழுதுகிறவள், நான். மூலையில் கணினிக்கு முன்னால் ஓவியர். ஒரு வார்த்தை பேசினால் ஒரு வாரம் ஓய்வெடுத்துக்கொள்கிற மனிதர்.

புத்தகம் என்னுடைய யோசனை. ஒரு பாய்மரக் கப்பல் உலகத்தைச் சுற்றி வருகிறது. படிக்கிற பிள்ளையும் அதில் ஏறிக்கொண்டு, துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் பூகோளமும் சரித்திரமும் பார்த்துவிட்டு வர வேண்டும். கப்பல் கற்பனைதான், ஆனால் காற்று கற்பனை இல்லை. அந்த விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். எந்தக் கடலில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று அடிக்குமோ, அந்தப் பக்கம்தான் என் கப்பல் நகரும். காலத்தை வேண்டுமானால் வளைத்துக்கொள்வேன், மலாக்காவில் ஒரு நூற்றாண்டு, அடுத்த துறைமுகத்தில் இன்னொன்று. காற்றை மட்டும் வளைக்க மாட்டேன்.

அந்தக் காற்றுதான் கப்பலைப் பண்டாவில் கொண்டுபோய் நிறுத்தியது. மலாக்காவிலிருந்து மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே போகும் கப்பல், காற்று திரும்புகிறவரை அந்தப் பக்கத்துத் தீவு எதிலாவது காத்திருந்தே ஆக வேண்டும். நான் பண்டாவைத் தேர்ந்தெடுத்தேன். குட்டிக் குட்டித் தீவுகள், அவற்றுக்கு நடுவே புகைகிற ஒரு எரிமலை. அந்தக் காலத்தில் உலகத்தின் ஜாதிக்காய் அத்தனையும் அங்கேதான் காய்த்தது. அதற்காகத்தான் டச்சுக்காரர்களின் கம்பெனி 1621இல் படையோடு வந்து இறங்கியது. ஊர்ப் பெரியவர்களை வெட்டிக் கொன்றார்கள். மலைக்கு ஓடிய ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள், பாறையிலிருந்து குதித்தார்கள். பிடிபட்டவர்களைக் கப்பலில் அடைத்து அடிமையாகக் கொண்டுபோனார்கள். தீவு காலியானது. மரங்களைப் பார்த்துக்கொள்ள வேறெங்கிருந்தோ அடிமைகளைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள்.

இதை எட்டுப் பக்கத்தில், பத்து வயதுப் பிள்ளை தாங்கும்படி எழுதியிருந்தேன். ரத்தம் எங்கும் சிந்தவில்லை. ஒரு பெண்குழந்தை கரையில் தனியாக நிற்கிறாள், எங்கள் கப்பல் அவளை ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். சரித்திரம் அவளுக்குப் பெயர் எதையும் விட்டுவைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கப்பலில் சுக்கான் பிடிக்கும் வேலை அவளுக்குக் கிடைக்கிறது, அதனால் எல்லோரும் அவளைச் சுக்கான் என்றே கூப்பிடுகிறார்கள். அங்கிருந்து நன்னம்பிக்கை முனை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் அடிமைகளை அடைத்துவைத்த கோட்டை, கரீபியன் கடலின் கரும்புத் தீவுகள், திரும்பும் வழி என்று மீதிப் புத்தகம் பூராவும் அவள்தான் கப்பலை ஓட்டுகிறாள். ஓவியர் அவளை ரெட்டைப் பின்னலோடு, சுக்கான் சக்கரத்தை எட்டிப் பிடிக்க ஒரு பெட்டி மேல் ஏறி நிற்பவளாக வரைந்தார். அந்தப் பெட்டியைப் பார்த்த அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

வேண்டாமென்று சொன்னது முதலில் அத்தான் இல்லை. ஏகப்பட்ட பள்ளிகளின் நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. அதன் தலைவர் வாயைத் திறந்தால் எதையும் நாசூக்காகச் சொல்ல வேண்டும் என்பார், நாங்கள் அவருக்கு வைத்த பேரே நாசூக்கு. புத்தகம் பிரமாதம், அந்த எட்டுப் பக்கம் மட்டும் பிள்ளைகள் மனசைக் கெடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். அத்தானும் சரியென்று தலையாட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"கப்பல்னா அலை, காத்து, டால்பின். நீ எதுக்கு அதுல பொணத்த ஏத்துற?" என்றார்.

"நான் ஏத்தல அத்தான். அங்க கெடந்தது."

காற்றைப் பற்றிச் சொன்னேன். கப்பல் எங்கேயாவது காத்திருந்துதானே ஆக வேண்டும் என்றேன். வேறு தீவில் காத்திருக்கட்டும், கடலில் தீவுக்கா பஞ்சம் என்றார். கதை எழுதுகிறவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று புத்திமதியும் சொன்னார். அக்காவைப் பார்த்தேன். அவள் இடித்த புளி மாதிரி குனிந்தபடியே இருந்தாள். புருஷனுக்கும் தங்கைக்கும் நடுவில் இத்தனை வருஷமாக அவள் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான். சின்ன வயதில் என் பொம்மையை யாராவது பிடுங்கினாலும் 'விடு, போகட்டும்' என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

இதில் இன்னொரு கூத்து. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக, ஃபாரம் கணக்கில்தான் அச்சடிப்பார்கள். எட்டுப் பக்கத்தை உருவினால் எட்டுப் பக்கம் வெற்றாக நிற்கும். அதை நிரப்ப டால்பினைப் பற்றி என்னையே எழுதச் சொன்னார் அத்தான். டால்பின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது, பாவம் அது. ஆனால் செத்தவர்கள் இருந்த இடத்தில் அதைத் துள்ள விட என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் எங்கிருந்தோ பிடித்து வந்து, கலர் அடிக்கிற மாதிரி எட்டு டால்பின் போட்டார்கள். கோட்டையைப் பற்றிய பக்கத்தில் சங்கிலியை எடுத்துவிட்டு, அங்கிருந்து ஜனங்கள் கடல் கடந்து போனார்கள் என்று பூசி மெழுகினார்கள். என்னவோ சுற்றுலா போன மாதிரி.

வரிகளிலிருந்து சுக்கானை வெட்டிவிட்டு, ஓவியரிடம் அவளை எல்லாப் படத்திலிருந்தும் எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் சரி என்றார். அந்த வாரத்துக்கான வார்த்தை அது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன், அது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கடைசி ப்ரூஃப் வந்தபோது அதைத் தொடவே மாட்டேன் என்று தள்ளிவிட்டேன். அட்டையில் என் பெயர் இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மனசு வரவில்லை. புத்தகம் கட்டுக்கட்டாக வெளியே போனது. நான் ஒரு பிரதியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், நாசூக்கு முன்னறிவிப்பு இல்லாமல் மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் எங்கள் புத்தகம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நேரே என் மேஜைக்கு வந்து நன்னம்பிக்கை முனைப் பக்கத்தைத் திறந்து வைத்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். நாசூக்கெல்லாம் அன்றைக்குப் போன இடம் தெரியவில்லை.

பார்த்தேன். கப்பல் நடுக்கடலில் சாய்ந்து போகிறது. கேப்டன் முன்பக்கம் நின்று தூரத்தைப் பார்க்கிறார். மாலுமிகள் பாயை இழுக்கிறார்கள். சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால் யாருமில்லை. வெறும் பெட்டி மட்டும் இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து பலகைத் தளத்தின் மேல் ஒரு நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. நிழலுக்கு இரண்டு கை, ரெட்டைப் பின்னல்.

பக்கத்தைத் திருப்பினேன். கோட்டைக்கு முன்னால் நிழல். கரும்புத் தீவில் நிழல். எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை, எல்லாப் பக்கத்திலும் நிழல். மறுபடி முதலிலிருந்து திருப்பினேன். எனக்கு வந்தது சந்தோஷமா, அழுகையா என்று தெரியவில்லை.

நாசூக்கு பொரிந்து தள்ளினார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிள்ளைகள் கேட்கிற ஒரே கேள்வி இதுதானாம். காற்று, கடல், துறைமுகம் ஒன்றும் வேண்டாமாம், கப்பலை யார் ஓட்டுகிறார்கள் என்று சொன்னால் போதுமாம். ஒரு வகுப்பில் பேய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இன்னொரு வகுப்பில், அவள் கடலில் விழுந்துவிட்டாளா என்று கேட்டு ஒரு பிள்ளை அழுதிருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பதில் தெரியவில்லை. இதெல்லாம் நான் வேண்டுமென்றே செய்த சதி என்றார். செய்திருந்தால் பெருமையாக ஒத்துக்கொண்டிருப்பேன். அத்தானும் என்னைத்தான் முறைத்தார்.

மூலையிலிருந்து ஓவியர் எழுந்து வந்தார். தவறு தன்னுடையது என்றார். கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி லேயர்கள் உண்டு. அவர் ஒவ்வொரு ஆளையும் தனித்தனி லேயரிலும், எல்லோருடைய நிழலையும் சேர்த்து வேறொரு லேயரிலும் வரைகிறவர். வெயில் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு நிழலையெல்லாம் ஒரே மூச்சில் போட்டுவிடுவாராம். ஆளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். நிழல் இன்னொரு இடத்தில் இருப்பது அவசரத்தில் மறந்துபோனது. அவர் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி அன்றைக்குத்தான் கேட்டோம்.

அத்தானுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதானே, அடுத்த அச்சில் நிழலையும் எடுத்துவிடலாம் என்றார். நாசூக்கும் தணிந்தார். பெட்டியையும் எடுத்துவிடுங்கள் என்றார். பிறகுதான் அத்தானுக்கு வேறொன்று தோன்றியது. அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ ப்ரூஃப் பாத்தியே. உன் கண்ணுல படலயா?"

அக்கா இழுப்பறையிலிருந்து ப்ரூஃப் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை டிக் இருந்தது. எல்லா டிக்கும் சொல்லிவைத்த மாதிரி அந்த நிழலின் பக்கத்திலேயே இருந்தது.

"பட்டுச்சு. பாத்துட்டுதான் விட்டேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை, அத்தானைத்தான் பார்த்தாள்.

"ஆள எடுத்தீங்க, சும்மா இருந்தேன். அது போதும்னு நெனச்சேன். நெழலயும் நானே சுட்டிக்காட்டணுமா? அதுக்கு எனக்குக் கை வரல."

அத்தானுக்கு முகம் கறுத்தது. வீட்டு விஷயத்தை ஆபீசில் பேசாதே என்றார். அக்கா, இது ஆபீஸ் விஷயம்தான் என்றாள். நாசூக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சின்னப் படத்துக்கு இத்தனை நாடகமா, அரை நாள் வேலை, முடித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஓவியரிடம் அவள் இருந்த லேயர் அழிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, மறைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்றார். காட்டுங்கள் என்றேன். அவர் உட்கார்ந்து ஒரு சொடுக்குச் சொடுக்கினார்.

சுக்கான் வந்து நின்றாள். பெட்டி மேல் குதிகாலை எக்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நிழல் அவள் காலடியில் போய்ச் சரியாக ஒட்டிக்கொண்டது. அத்தான் அவளை அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எட்டுப் பக்கம் என்று சொன்னார், படம் என்று சொன்னார், எடு என்று சொன்னார். பார்க்கவில்லை.

ஓவியரை எழுப்பிவிட்டு நாற்காலியை அத்தான் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே அழிங்க அத்தான். இந்தத் தடவை மறைக்க வேணாம், ஒரேயடியா அழிச்சிடுங்க. அவ ஊர்ல டச்சுக்காரங்க செஞ்ச மாதிரியே இருக்கட்டும்."

இது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே தெரியும். வாபஸ் வாங்கவில்லை. அத்தான் உட்கார்ந்தார். மௌஸ் மேல் கையை வைத்தார். எந்தப் பொத்தான் என்று ஓவியரைக் கேட்டார், அவர் காட்டினார். கீழே வெட்டும் இயந்திரம் இறங்கியது, டீ கிளாஸ்கள் நடுங்கின. அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாசூக்கு, ஒரு பொத்தான்தானே, அழுத்துங்கள் சார் என்றார். அத்தான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க அழுத்துங்க," என்றார் நாசூக்கிடம்.

நாசூக்கு அசையவில்லை. இதெல்லாம் பதிப்பகத்தின் வேலை, குழுவின் வேலை இல்லை என்றார். பிறகு புத்தகத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு, இனி இந்தப் புத்தகம் எங்கள் நூலகங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல் ஓவியரிடம் சொன்னார்.

"டால்பின எடுத்துடு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பச்சைப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள். அத்தான் என் பக்கம் திரும்பி, இப்போது திருப்திதானே என்றார். நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. இல்லை என்றேன். கோட்டைப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, இதில் சங்கிலி எங்கே என்று கேட்டேன்.