ஒன்றரை மீட்டர் கேபிள்

"இந்த வீடு உனக்குப் புடிச்சிருக்கா, நீலா?"

"புடிச்சிருக்கே."

"சத்தமா இருக்கும்லா. அம்மா, அண்ணன், அண்ணி, பிள்ளைங்க. டிவி வேற."

"பழகிடும்ங்க. எங்க வீடு மட்டும் என்ன, ஆளில்லாமயா கெடந்துச்சு?"

கல்யாணமான மூன்றாம் நாள் முகுந்தனும் நீலாவதியும் பேசிக்கொண்டது இது. குரலை நன்றாகத் தாழ்த்தித்தான் பேசினார்கள். அவர்களுடைய அறை என்பது ஹாலின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்த இடம். பலகை கூரை வரை போகவில்லை. அந்தப் பக்கம் அண்ணன் புனிதன் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

'பழகிடும்' என்று சொன்னவள் அவள்தான். அதனாலேயே, தனி வீடு வேண்டும் என்று ஆறு வருடங்களாக அவளால் கேட்க முடியவில்லை. ஒருமுறை வாயெடுத்தபோது மாமியார் முத்தாயிக்குக் காய்ச்சல். இன்னொரு முறை புனிதனின் மனைவி விமலா மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். யாராவது கொடுமைக்காரராக இருந்திருந்தால் கேட்பது சுலபம். இந்த வீட்டில் எல்லோரும் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கிறவர்கள்.

முகுந்தன் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். லாபுவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் அவன் மண்டோர், வேலையாட்களை மேய்க்கிறவன். பகலெல்லாம் குலை வெட்டுகிறவர்களை விரட்டிவிட்டு, சாயங்காலம் குளித்து முடித்ததும் பலகை அறைக்குள் போய், பாட்டுப் போடும் ஆம்ப் பெட்டியில் ஹெட்ஃபோனைச் செருகி மாட்டிக்கொள்வான். சிரம்பானில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய உயர்ரக ஹெட்ஃபோன். மிருதங்கத்தில் விரல் விழுவதற்கு முன் தோல் அசைவது கூடக் கேட்கும் என்பான். ஆனால் அது பின்பக்கம் திறந்த வகை; இசை எவ்வளவு தெளிவாகக் கேட்குமோ, அவ்வளவு தெளிவாக வெளிச்சத்தமும் உள்ளே வரும். டிவியும் பிள்ளைகளின் சண்டையும் மிருதங்கத்தோடு சேர்ந்தே வாசிக்கும்.

போன மாதம் அதன் இடது காது ஊமையானது.

"நெனச்சேன்" என்றாள் முத்தாயி. "அத மாட்டிக்கிட்டா நான் கத்துறது காதுல விழாத மாதிரியே இருப்பான். கடவுளே பாத்து ஒரு பக்கத்த தொறந்து விட்டுட்டாரு."

நீலாவதி செனவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். மீட்டரை வைத்துப் பார்க்க அவளுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

"ஹெட்ஃபோனுக்கு ஒன்னும் இல்லங்க. கேபிள்தான். பிளக் பக்கத்துல மடங்கி மடங்கி உள்ள அறுந்திருக்கு. வேற மாத்திட்டாப் போதும்."

'வேற' என்ற ஒரு வார்த்தை போதாதா? அன்றிலிருந்து முகுந்தன் கைப்பேசியில் கேபிள் தேடத் தொடங்கினான். சுத்தச் செம்பு, வெள்ளி பூசிய செம்பு, முழு வெள்ளி, நான்கு புரி, எட்டுப் புரிப் பின்னல். பெண் பார்க்கிற வேலையைக் கூட அவன் இவ்வளவு கவனமாகச் செய்யவில்லை. அவளைப் பார்க்க வந்த அன்று இரண்டாவது வடையிலேயே சரி என்று தலையாட்டியவன் அவன்.

முதலில் வந்த கேபிளின் பிளக் தடிமன். ஹெட்ஃபோனின் துளை உள்ளடங்கி இருந்ததால் அது பாதியில் நின்றுவிட்டது. அடுத்து வந்தது வெள்ளி பூசிய எட்டுப் புரிப் பின்னல்; அழகென்றால் அப்படி ஓர் அழகு. விமலா எடுத்துப் பார்த்து, "ஏன் தம்பி, இதுல ஒரு பதக்கம் கோத்தா நான் கோயிலுக்குப் போட்டுக்கிட்டுப் போவேன்லா" என்றாள். அது சரியாகப் பொருந்தியது. ஆனால் சட்டையில் உரசும்போதெல்லாம் காதுக்குள் கரகரவென்றது. மூச்சு விட்டாலும் கரகர.

"ஆனா வெள்ளி வெள்ளிதான். சத்தத்துல ஒரு பளபளப்பு வருது பாத்தியா?" என்று அவன் விட்டுக்கொடுக்காமல் சொன்னான்.

நீலாவதி தொழிற்சாலையில் பழகிய சாதாரணச் செம்புக் கம்பியில் ஒரு கேபிளை அரை மணி நேரத்தில் ஈயம் வைத்து முடித்தாள். "கண்ண மூடுங்க. மூணு தடவ மாத்தி மாத்திப் போடுறேன். எது எதுன்னு சொல்லுங்க."

விமலா துவைத்த துணிகளோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றாள்.

"இது செம்பு" என்றான் முதல் தடவை. "இது... ஆங், வெள்ளி. தெரியுதே." மூன்றாவது தடவை கொஞ்சம் யோசித்து, "திரும்பச் செம்பு."

"மூணும் ஒன்னுதான்ங்க. நான் செஞ்ச செம்பு. கழட்டிக் கழட்டி அதையே மாட்டுனேன்."

விமலா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. முகுந்தனும் சிரித்துவிட்டான், அந்தக் குணத்துக்காகத்தான் நீலாவதிக்கு அவனைப் பிடிக்கும்.

"அப்ப என்னதான் பாக்கணும்?"

"பிளக் முழுசா உள்ள போவுதான்னு பாக்கணும். கம்பி நூல் மாதிரி தொவண்டு விழணும், உரசுனா சத்தம் வரக்கூடாது. எடது வலதுக்குச் சரியா அடையாளம் இருக்கணும். அதுக்கப்புறம் நீளம். எங்க உக்காந்து கேக்குறோமோ அதுக்கு ஏத்த நீளம். நானே செஞ்சு தர்றேன். நீளத்த மட்டும் நீங்க சொல்லுங்க."

மறுநாள் அவன் தோட்டத்திலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்தான். செம்பனைக் கன்று நட வரிசை பிடிக்கிற கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு. தோட்டத்து ஆளுக்கு அளவு என்றால் அதுதான்.

பலகை அறையில் ஆம்ப்பிலிருந்து கட்டிலின் தலைமாட்டு வரை ஒரு முடிச்சுப் போதும். ஆனால் அங்கே டிவி சத்தம். கயிற்றை இழுத்துக்கொண்டு அவன் ஹாலைத் தாண்டினான். சமையலறையில் நின்று பார்த்தான்; அங்கே முத்தாயி உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒரு நிமிடம் நின்றான். பிறகு பின்கதவைத் தாண்டி, மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை வரை போய் நின்று கையை உயர்த்தினான்.

"இங்கதான் சத்தம் கொறவு. பதினொன்னரை!"

"என்னா தம்பி, வீட்டுக்குள்ள கன்னு நடப் போறீங்களா?" என்றாள் விமலா. "அந்த ஆம்ப தூக்கி வெளிய வச்சுக்கிட்டா என்ன?"

"சாரல் அடிச்சா அவ்ளோதான் அண்ணி. அது உள்ளயே இருக்கட்டும்."

"அப்ப இந்தக் கயித்துல தடுக்கி யார் விழுந்தாலும் அதுவும் சேந்துதான் விழும்" என்றாள் முத்தாயி. சொல்லி வாய் மூடுவதற்குள் புனிதனின் பெரிய பையன் கயிற்றில் கால் மாட்டிக் குப்புற விழுந்தான்.

நீலாவதி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் ஒரு கயிற்றோடு, தன் வீட்டுக்குள்ளேயே தனக்கு ஓர் இடம் தேடி, கடைசியில் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஆறு வருடங்களாகத் தான் மட்டும்தான் தேடுவதாக நினைத்திருந்தாள். இவனும்தான் தேடிக்கொண்டிருக்கிறான், கேட்கத் தெரியாமல் கேபிளை நீட்டிக்கொண்டு போகிறான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மனதில் ஒரு தெம்பும் வந்தது.

அந்த வாரம் வேலை இடைவேளையில் அவளோடு ஒரே வரிசையில் உட்காரும் ஹசீனா பேகத்திடம் பேச்சுக் கொடுத்தாள். லாபுவில் ஹசீனாவின் அண்ணனுக்கு ஒரு சின்ன வரிசை வீடு காலியாகப் போகிறது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தாள்.

"நீ எடுத்துக்கிறியா?" ஹசீனா ஆச்சரியப்பட்டாள். "உன் மாமியார் மனசு கஷ்டப்படாதா?"

"பத்து நிமிசம் மோட்டார்ல. தெனம் போய்ப் பாத்தா கஷ்டப்பட நேரமிருக்காது."

"முகுந்தன்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல வீட்டப் பாக்குறேன்."

சனிக்கிழமை மத்தியானம் ஹசீனா ஓட்டிய காடியில் போய்ப் பார்த்தார்கள். இரண்டு அறை. ஹாலில் ஒரு ஜன்னல், அதையொட்டிச் சுவரில் மின்சார பிளக். ஜன்னலோரம் நின்றபோது தெருவில் ரொட்டி விற்கிறவரின் மணியைத் தவிர வேறு சத்தமில்லை. நீலாவதி கைப்பையிலிருந்து முடிச்சுக் கயிற்றை எடுத்தாள். பிளக்குக்குப் பக்கத்தில் ஆம்ப் வைக்க ஒரு மேசை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் காது. ஒரு முடிச்சும் பாதியும். சந்தேகத்துக்கு இன்னொரு முறை அளந்தாள்.

"யாருக்கு அளக்குற, திரைச்சீலைக்கா?" என்றாள் ஹசீனா.

"மாப்பிள்ளைக்கு."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. சிலியாவ்லேர்ந்து ஒரு குடும்பம் கேட்டுக்கிட்டு இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நீலாவதி பலகை அறையில் உட்கார்ந்து கேபிளைச் செய்தாள். துணி உறை போட்ட மென்மையான செம்புக் கம்பி. துளைக்குள் முழுதாக இறங்கும் மெல்லிய பிளக். இடது பக்கத்துக்குக் கறுப்பு உறை, வலது பக்கத்துக்குச் சிவப்பு. ஈயம் சின்ன மணியாகப் பளபளத்து உட்கார்ந்தது. மீட்டரில் இரண்டு பக்கமும் சரி. ஹெட்ஃபோனில் மாட்டிவிட்டு முகுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து தலையில் மாட்டிக்கொண்டான். கேபிளைச் சட்டையில் உரசிப் பார்த்தான், சத்தமில்லை. ஒரு பாட்டைப் போட்டான். இரண்டு காதிலும் வந்தது. முகம் மலர்ந்து எழுந்து, தான் அளந்த கொட்டகையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்ததும் கேபிள் அவனைப் பிடித்து நிறுத்தியது.

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கேபிளைக் கையில் சுற்றிப் பார்த்தான்.

"என்ன நீலா, ஒன்னரைதான் இருக்கு. கம்பி பத்தலயா?"

"கம்பி மிச்சம் இருக்கு."

"அப்ப அளவு தப்பாயிருச்சு. பதினொன்னரை சொன்னேனே."

"தப்பாகல. ரெண்டு தடவ அளந்தேன்."

"எங்க அளந்த? இந்த வீட்ல ஒன்னரையில ஒக்கார ஏது எடம்?"

பலகைக்கு அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். முத்தாயி விமலாவிடம் ராத்திரிச் சமையல் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடங்களாக இந்த அறைக்குள் நீலாவதி பேசியதெல்லாம் தாழ்ந்த குரலில்தான். இன்று அப்படிப் பேச அவளுக்குத் தோன்றவில்லை. அத்தைக்கும் கேட்கட்டும், நாளைக்குத் தெரிவது இன்றைக்கே தெரிந்தால் என்ன? அவன் கையிலிருந்த கேபிளின் மறுமுனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

"இது இந்த வீட்டுக்கு அளந்தது இல்லங்க. லாபுல ஒரு வீடு பாத்திருக்கேன், ஜன்னலோரம் உங்க நாற்காலிக்கு அளந்தது. எனக்குத் தனி வீடு வேணும். நாம ரெண்டு பேரும் அங்க போயிடலாம், வாங்க."